கோணல் மரம் கேட்ட கப்பல்காரர்

திருப்புலிவனம் ஏரிக்கரையில லாரிய நிறுத்தினப்போ முதல்ல கண்ணுல பட்டது மாலைதான். அறுத்து அடுக்கி வெச்சிருந்த மரத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு மேளம், ஒரு நாயனம். தட்டுல தேங்காய், வெத்தலை, கற்பூரம். கல்யாணத்துக்கு வந்துட்டோமோன்னு நெனச்சேன்.

என் பக்கத்து சீட்டுல இருந்த தேசப்பன் மொதலாளி கதவைத் திறந்தாரு. இறங்கல. ஒரு காலைப் படியில வெச்சபடியே நின்னுட்டாரு.

"சூசை, நம்ம மரம் எங்கடா?"

"அதோ, மாலை போட்டிருக்கே மொதலாளி."

"அது நேரா கீதே."

ஆமாம், நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்தது. வினையே அதுதான். அது ஏன் வினைன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னால போகணும்.

ராயபுரத்து ஆளு

இந்தத் தொடரை இன்னைக்குத்தான் கையில எடுத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் டிரைவர் சூசை. உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்துக் காலனியில பொறந்தவன். எங்க நைனாவும் அம்மாவும் அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவங்க. எனக்குக் குனிஞ்சு வேலை செய்யப் புடிக்கல, ஸ்டீயரிங்கைப் புடிச்சேன். சண்டைக்காலத்துல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன லாரி ஒண்ணு என் கைக்கு வந்தது. அதோட யோக்கியதையப் பத்திப் போன வாரம் பக்கம் பக்கமாப் புலம்பியாச்சு. அதுல பிரேக் புடிக்கணும்னா நேத்தே நெனச்சிருக்கணும்.

அந்த லாரியில ரொம்ப நாள் என் பக்கத்துல உக்காந்து வந்தவர் தேசப்பன் மொதலாளி. மெட்ராஸ் ராயபுரம் கடற்கரையில அவருக்குப் பெரிய ஷெட். தூரத்துல நிக்கிற கப்பல்லேர்ந்து மூட்டை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர்ற சரக்குப் படகு இருக்கே, அதைக் கட்டி விக்கிறது தொழில். அந்தத் தொழில்ல நம்ம ஆளுங்க மொதலாளியா இருந்தது அப்போ அபூர்வம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டும், நம்ம ஆளு ஆணி அடிப்பான். இவரும் ஆணி அடிச்சவர்தான்.

சின்ன வயசுல அவருக்குக் கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சுத் திரியைத் திணிச்சு, உளி வெச்சு அடிச்சு, தண்ணி உள்ள வராம அடைக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு. நாள் பூரா டொக்கு டொக்குன்னு அடிச்சதுல இடது காது மந்தமாப் போச்சு. லாரியில நான் அவருக்கு வலது பக்கம், அதனால எங்க பேச்சுக்குக் கொறையில்ல.

ஒரு புயல்ல கரை ஒதுங்கின ஓட்டைப் படகு ஒண்ணை யாரும் சீந்தாம கிடக்க விட்டாங்களாம். இவரு அதை இனாமாக் கேட்டு வாங்கி, வேலை முடிஞ்சு வந்து வந்து அடைச்சு, ஓட விட்டுட்டாரு. அது ஓடறதைப் பாத்த ஒரு மரக்கடைக்காரர், "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுய்யா"ன்னு கேட்டிருக்காரு. அப்படி ஆரம்பிச்ச தொழில். நான் பாக்கும்போது ஷெட்டுல இருபது முப்பது பேர் வேலை செய்யறாங்க. வேட்டிமேல கோட்டு போடுவாரு. கார் வாங்க வசதி இருந்தும் மரம் தேடறதுக்கு என் லாரியிலதான் வருவாரு. "கார்ல மரம் ஏறுமாடா?"ம்பாரு.

எங்க பக்கத்து டீக்கடைங்கள்ல அப்போ எனக்குத் தனி கிளாஸ். அவரு உள்ள போயி ரெண்டு கிளாஸையும் தானே எடுத்துக்கினு வந்து லாரி பானட்டு மேல வெச்சு, என்கூட நின்னு குடிப்பாரு. அதைப் பத்தி அவரும் பேசினதில்ல, நானும் கேட்டதில்ல.

கண்ணுக்கு மறையற தூரம்

அப்படி ஒரு நாள் டீ குடிக்கும்போதுதான் சொன்னாரு.

"எத்தினியோ போட் கட்டிட்டேன் சூசை. எல்லாம் அரை மைல் போவுது, திரும்பி வருது. மொளையில கட்டின மாடாட்டம். ஒண்ணாவது கண்ணுக்கு மறையற தூரம் போவணும்டா. காக்கிநாடா போயி மூட்டை ஏத்திக்கினு வரணும். என் சொந்தக் கப்பலு."

அதுக்குள்ள அரசாங்கத்துலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. துறைமுக வேலைக்கு அந்தக் கரை வேணுமாம், அடுத்த தை பொறந்ததும் ஷெட்டைக் காலி பண்ணணுமாம். படகுன்னா எந்தச் சந்துலயும் கட்டலாம். அவ்ளோ பெரிய கப்பலைக் கட்டி, அப்படியே தண்ணியில தள்ளறதுக்கு அந்தக் கரைய விட்டா அவருக்கு வேற எடம் கெடையாது. ஆக, தைக்குள்ள முடிச்சா கப்பல் உண்டு. இல்லன்னா இந்த ஜென்மத்துல இல்ல.

கப்பலோட முதுகெலும்பு மாதிரி அடியில ஒரு நீளக் கட்டை, அதை ஏரான்னு சொல்லுவாங்க. அதைப் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி நிக்கிற வளைஞ்ச கட்டைங்களுக்கு எங்க பக்கத்து ஏரிங்கள்லேர்ந்தே கருவேல மரம் ஏத்தி அனுப்பிட்டேன். பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு. முன்பக்கம் அலையக் கிழிச்சுக்கினு போகுமே, அந்த மூக்குக் கட்டை. அணியக் கட்டைன்னு பேரு. அது பொறப்புலயே வளைஞ்ச ஒரே மரமா இருக்கணும்.

"நேரா இருக்கிற ரெண்டு கட்டைய ஒட்டி வளைச்சுக்க முடியாதா மொதலாளி?"

"அலை மொதல்ல அடிக்கிறதே அங்கதாண்டா. ஒட்டு உட்டுக்கும். உள்ள புள்ளக்குட்டிக்காரனுங்க கீறானுங்க."

அதுக்கப்புறம் நான் அந்தக் கேள்விய கேக்கல.

எந்த ஊர்ல கூத்து?

தேடினோம் பாருங்க, அந்த மாதிரி யாரும் பொண்ணுகூடத் தேடியிருக்க மாட்டாங்க. எப்படி வளைவு வேணுமோ அந்த அளவுக்கு மூங்கிலை வளைச்சுக் கயித்தால கட்டி வெச்சிருந்தாரு. ரெண்டு ஆள் நீளம். எங்கயாவது கோணல் மரம் தெரிஞ்சா லாரிய நிறுத்தணும், அந்த மூங்கிலைத் தூக்கிக்கினு வயல்ல இறங்கி மரத்தோட ஒட்டிப் பாக்கணும். தாமல் ஏரிக்கரையில ஆரம்பிச்சு எங்க ஊர் சுடுகாடு வரைக்கும் ஒரு மரத்தை விடல.

"வில்லை எடுத்துக்கினு போறாங்களே, இன்னைக்கு எந்த ஊர்ல கூத்து? யாருப்பா அர்ச்சுனன்?"ன்னு நாத்து நடற பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. நான் டிரைவர் சட்டை போட்டுக்கினு மூங்கிலோட மறுமுனைய புடிச்சுக்கினு வரப்புல தடுமாறிக்கினு இருப்பேன். எனக்குக் கோபம் எப்பவும் மூக்கு மேல. "ஏன், நீ வந்து திரௌபதி வேஷம் கட்டேன்"ன்னு திட்டிட்டு ஒரு ஊர்ல அடி வாங்க இருந்தேன்.

கடைசியில திருப்புலிவனத்துல கெடைச்சுது. ஏரிக்கரைய ஒட்டி மணியக்காரர் நெலத்துல ஒரு கெழட்டு இலுப்பை. நெஞ்சளவு நேரா வந்து, அங்கேர்ந்து முழங்கைய மடக்கின மாதிரி வளைஞ்சு மேல போகுது. மூங்கிலை வெச்சோம், ஒட்டிக்கிச்சு. தேசப்பன் மொதலாளி செருப்பைக் கழட்டிட்டு மரத்துமேல கன்னத்தை வெச்சுக்கினு நின்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, வேற பக்கம் பாத்தேன்.

அந்த மரம் அத்தனை வருஷம் தப்பிச்சதுக்கும் காரணம் உண்டு. எங்க பக்கத்துல கோணல் மரத்தை வூட்டுக்குச் சேக்க மாட்டாங்க. அது உத்தரமோ நெலையோ ஆன வூட்டுல அண்ணன் தம்பி ஒத்துமையா இருக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. அடுப்புக்கு வெட்டுவாங்க, அவ்ளோதான்.

மணியக்காரர் முதல்ல சிரிச்சாரு. ஊர்ல வரி வசூல், பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில. நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது. விருந்தாளின்னா எலை போடாம அனுப்ப மாட்டாரு. எனக்கும் போட்டாரு, மாட்டுக் கொட்டாயாண்ட.

"இதுங்களா? இத அடுப்புல கூட ஒயுங்கா வெக்க முடியாதுங்களே!"

"எனக்கு இதுதாங்க வேணும்."

கப்பல் கதைய மொதலாளி சொல்லச் சொல்ல மணியக்காரர் வாயப் பொளந்துக்கினு கேட்டாரு. "நம்ம நெலத்து மரம் கடல்ல போவுமா! அடேயப்பா!"ன்னு ஊரையே கூப்பிட்டுச் சொன்னாரு. வெலை சட்டுன்னு முடிஞ்சுது.

மரத்தைச் சாய்க்கிற வேலை கன்னியப்பனுக்கு. ஏரி ஓரத்துல மணியக்காரர் எடத்துல குடிசை போட்டிருந்த இருளர் ஜனங்களுக்கு அவன்தான் பெரியவன். தேசப்பன் மொதலாளி அவனை உக்கார வெச்சு, கரித்துண்டால மரத்துல கோடு போட்டுக் காமிச்சாரு. "இங்கேர்ந்து இங்க வரைக்கும் கோடாலி படக்கூடாதுப்பா. கெளைய மட்டும் கழிச்சுடு. கோணை அப்பிடியே எனுக்கு வரணும்."

"கொயந்தைய படுக்க வெக்கிற மாதிரி சாய்ச்சுடறேன் சாமி"ன்னான் கன்னியப்பன்.

அப்படியேதான் சாய்ச்சிருக்கான். ஒரு கீறல் இல்லாம. ஆடி மாசம் பாதி போயிருந்தது. லாரிய எடுத்துக்கினு ஏத்த வந்தோம்.

மாலை மரியாதை

இப்போ மறுபடியும் ஏரிக்கரைக்கு வரேன். ஒரு காலைப் படியில வெச்சுக்கினு நின்ன மொதலாளிய, மணியக்காரரே வந்து கையப் புடிச்சு இறக்கினாரு. பட்டு அங்கவஸ்திரம், நெத்தி நெறைய விபூதி.

"வாங்க, வாங்க! நல்லா பாருங்க. செங்கல்பட்டுலேர்ந்து ரம்பக்காரங்கள வரவெச்சேன். கோணைய எல்லாம் தள்ளிட்டு, நேரா, சதுரமா அறுத்து வெச்சுக்கீறோம். நீங்க மெட்ராஸ்லேர்ந்து தேடிக்கினு வந்து, செருப்பக் கயட்டி நின்னு கேட்டீங்க. என் வூட்டுக்கு ஆவாதத உங்களுக்கு எப்பிடிங்க குடுப்பேன்? நாளைக்கு கடல்ல போறப்ப, 'திருப்புலிவனத்தான் கோணக் கட்டைய குடுத்துட்டான்'னு ஒருத்தன் பேசக்கூடாது பாருங்க!"

நாயனக்காரர் ஊத ஆரம்பிச்சாரு.

டயரைப் பாக்கற சாக்குல லாரிக்குப் பின்னால போனேன். அங்க கன்னியப்பன் நின்னுக்கினு இருந்தான். கீழ் உதடு வீங்கியிருந்தது.

"இன்னாடா இது? மொதலாளி உங்கிட்ட அத்தினி தபா சொன்னாரே!"

"சொன்னேன் சாமி. 'அவரு கோணையத்தான் கேட்டாரு'ன்னு ரம்பத்து முன்னால போயி படுத்துக்கினேன். 'பெரிய மனுசன் கூச்சப்பட்டுக்கினு கேட்டத நீ நெசம்னு நெனச்சியாடா'ன்னு மணியக்காரரு வாயிலயே ஒண்ணு வெச்சாரு. நான் இன்னா சாமி பண்ணுவேன்?"

திரும்பினா எனக்குப் பின்னால தேசப்பன் மொதலாளி. அவருக்கு வலது காது நல்லாவே கேக்கும். கன்னியப்பன் உதட்டைப் பாத்தாரு. அவனுக்கு அந்தாண்ட, ஏரி ஓரத்துக் குடிசைங்களைப் பாத்தாரு. ஒரு பொம்பளை வாசல்ல கூழ் கிண்டிக்கினு இருந்தா.

"இன்னாங்க அங்க?" மணியக்காரர் கிட்ட வந்துட்டாரு. மொதலாளி மூஞ்சி சரியில்லன்னு அவருக்கும் தோணியிருக்கு. "எதாச்சும் கொறை கீதா? இருந்தா பட்டுனு சொல்லிடுங்க. இந்தப் பசங்க வெட்டறப்ப எதுனா பேஜார் பண்ணிட்டானுங்களா? சொல்லுங்க, தோல உரிச்சு, இன்னைக்கே குடிசையப் பிரிச்சு ஓட்டிடறேன்."

ஊரே நின்னு பாத்துக்கினு இருந்தது. மேளக்காரன்கூட நிறுத்திட்டான். கன்னியப்பன் ரெண்டு கையையும் கட்டிக்கினு கீழ பாத்தான்.

நான் மனசுக்குள்ள, சொல்லுய்யா, சொல்லுய்யான்னு கத்திக்கினு இருந்தேன்.

"கொறையே இல்லீங்க"ன்னாரு மொதலாளி. "ரொம்ப நல்லா பண்ணிக்கீறாங்க. இவனுங்க வெட்டின நேர்த்திக்கு எதுனா குடுத்துட்டுப் போலாம்னுதான் இந்தப் பக்கம் வந்தேன்."

பையிலேர்ந்து எடுத்துக் கன்னியப்பன் கையில குடுத்தாரு. அப்புறம் போயி தேங்காயை ஒடைச்சாரு. மணியக்காரர் போட்ட மாலைய வாங்கிக்கினாரு. எலை போட்டாங்க, சாப்பிட்டாரு. ரெண்டாவது தபா பாயசம் கூட வாங்கிக்கினாரு. நான் மாட்டுக் கொட்டாயாண்ட உக்காந்து அதைப் பாத்துக்கினே இருந்தேன், எனக்கு ஒரு வாய் எறங்கல.

ஹாரன்

நேர் சட்டங்களை ஏத்திக்கினு கெளம்பினோம். ஊர் எல்லை தாண்டற வரைக்கும் பொறுத்தேன்.

"இன்னா மொதலாளி நீ? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உன் கப்பலையே அறுத்துப்புட்டு மேளம் அடிக்கிறான், நீ பாயசம் குடிக்கிற!"

மொதலாளிய நீ வா போன்னு பேசினது அதுதான் முதல் தடவை. அவரு அதைக் கண்டுக்கல.

"சொன்னா மரம் ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்காது. அந்தாளுக்கு உறைக்குமில்ல?"

"உறைக்காதுடா. ஊரைக் கூட்டி மேளம் வெச்சுட்டான். அவ்ளோ பேர் முன்னால எவனும் தன் தப்புன்னு ஒத்துக்க மாட்டான். 'இந்தப் பையன் என்கிட்ட சரியா சொல்லல'ம்பான். பொயுது சாயறதுக்குள்ள அந்தக் குடிசைங்க இருக்காது. எனுக்கு கப்பலும் இல்ல, அவனுக்கு வூடும் இல்லன்னா, அதுல யாருக்கு இன்னா லாபம்?"

உத்திரமேரூர் தாண்டினதும் அவரு அழ ஆரம்பிச்சாரு. சத்தமா, கொழந்தை மாதிரி. ஒரு பெரிய மனுஷன் அழறதைப் பக்கத்துல உக்காந்து கேக்கறது ரொம்பக் கஷ்டம். எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. ஹாரனை அடிச்சேன். ரோட்டுல ஒரு ஆடுகூட இல்ல, நான் பாட்டுக்கு அடிச்சுக்கினே போனேன்.

அதுக்கப்புறமும் தேடினோம். ஆவணி, புரட்டாசி போச்சு. ஐப்பசியில ஏரி எல்லாம் ரொம்பி ரோடு அறுந்தது. தை பொறந்தது, ஷெட்டைப் பிரிச்சாங்க. மணல்ல கெடந்த ஏராவைத் துண்டு போட்டு ரெண்டு சரக்குப் படகுக்கு அடிக்கட்டை ஆக்கிட்டாரு. வாடகைக்கு ஒரு சின்ன எடம் புடிச்சு, அடுத்தவங்க படகுக்கு ஓட்டை அடைக்கிற வேலைக்கே திரும்பிட்டாரு. இலுப்பைச் சட்டம் எல்லாம் படகுக்குத் தளம் போடப் போச்சு. நல்ல மரம்தான், அதுல சந்தேகமே இல்ல.

நம்ம கப்பல்

ரெண்டு மூணு வருஷம் போயிருக்கும். நான் விறகு லோடு இறக்கிட்டு அவரைப் பாக்கலாம்னு ராயபுரம் போனேன். அங்க வாசல்ல மணியக்காரர்! கோர்ட்டு வேலையா மெட்ராஸ் வந்தாராம். ஒரு கூடை கத்திரிக்கா, ஒரு தூக்கு நெய்.

"கப்பலப் பாக்காம ஊருக்குப் போனா எங்க ஊர்ல என்னை உள்ள உட மாட்டாங்க! எங்கங்க நம்ம கப்பலு?"

எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. இப்போவாவது சொல்லித் தொலைப்பாருன்னு பாத்தேன். மொதலாளி என்னை ஒரு பார்வை பாத்தாரு, துண்டைத் தோள்ல போட்டாரு, "வாங்க போலாம்"னாரு.

துறைமுகத்துல ஒரு பெரிய பாய்மரக் கப்பல் வந்து நின்னுக்கினு இருந்தது. மேற்குக் கரை ஊரு எதுலயோ எவரோ கட்டினது. ஓடு ஏத்திக்கினு வந்திருந்தது. அது முன்னால கொண்டு போயி நிறுத்தினாரு.

"இதாங்க."

மணியக்காரர் அண்ணாந்து பாத்தாரு. பாய்மரம், கயிறு, மேல ஓடற ஆளுங்க. கடலையே அன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறாரு பாவம். செருப்பைக் கழட்டினாரு. எட்டிக் கப்பலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாரு.

"நம்ம மரம் எங்க கீது?"

"உள்ளார கீதுங்க. வெளியத் தெரியாது."

"அதானே! தாங்கறது எது வெளிய தெரியும்?"

நான் வாயத் திறக்கப் போனேன். மொதலாளி என் மணிக்கட்டைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாரு. உளி புடிச்ச கை, எலும்பு வரைக்கும் வலிச்சுது.

"கன்னியப்பன் நல்லா கீறானுங்களா?"ன்னு மணியக்காரரைக் கேட்டாரு.

"எவன்? ஓ, அந்த மரம் வெட்டினவனா? அவனுக்கு இன்னாங்க, ராஜாவாட்டம் கீறான். அன்னைக்கு நீங்க அவன் வேலைய மெச்சிட்டுப் போனீங்க இல்ல, இப்ப நம்ம தோப்புல மரம்னா அவன்தான். குடிசைய மாத்தி மண் சுவரு வெச்சுக்கினான். பொண்ணுக்கு கல்யாணம் கூட பண்ணிட்டான்."

"சந்தோசங்க"ன்னாரு மொதலாளி. மெய்யாவே சந்தோஷமாத்தான் சொன்னாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். என் மணிக்கட்டை விட்டுட்டாரு. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, கோபத்துல வர்ற தண்ணி.

மணியக்காரருக்குக் கெளம்பவே மனசு வரல. நாலு தடவை திரும்பித் திரும்பிப் பாத்தாரு. துறைமுகத்து கேட்டாண்ட வந்ததும் மொதலாளியோட ரெண்டு கையையும் புடிச்சுக்கினாரு. கிட்டத்தட்ட அழற மாதிரி இருந்தாரு.

"அடுத்த கப்பலுக்கு வேற எங்கயும் போவக்கூடாது. என்கிட்டதான் வரணும், ஆமா. இதவிட நேரா அறுத்துத் தரேன்."

"சரிங்க"ன்னாரு தேசப்பன் மொதலாளி.